சாதியைத் துறந்த வேதசாட்சி தேவசகாயம்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் பெரியோர் ஒருவரின் வரலாறு இடம்பெற வேண்டும் என்று எண்ணியபோது, வேதசாட்சி தேவசகாயத்தின் வாழ்வையே நாம் தேர்ந்துகொண்டோம். அவர் நம் சமூகத்தில் பிறந்தவரல்லர். ஏற்காடு அடங்கிய சேலம் மறைமாவட்டம் 1930-இல் உருவாவதற்கு 178 ஆண்டுகளுக்கு முன்பே, தென்கோடியில் உயிர் நீத்தவர். ஆயினும், காப்பித் தோட்டத்தில் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோரின் மக்களாகிய நாம், அவர் வாழ்விலிருந்து கற்கவேண்டியது மிகுதி. விசுவாசம் என்பது யாரோடு சரிசமமாக அமர்கிறோம் என்பதிலும் அடங்கியிருக்கிறது என்பதே அவர் விட்டுச்சென்ற பாடம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலம் என்னும் ஊரில், 1712 ஏப்ரல் 23-ஆம் நாள் நீலகண்டன் பிறந்தார். தந்தை நம்பூதிரி, தாய் நாயர் குலத்தவர். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. கல்வியும் போர்ப்பயிற்சியும் பெற்று வளர்ந்த நீலகண்டன், மன்னர் மார்த்தாண்டவர்மரின் ஆட்சியில் பத்மநாபபுரத்து அரண்மனைப் பணியில் அமர்ந்தார். பார்கவி என்னும் நங்கையை மணந்து, செல்வமும் செல்வாக்கும் உடையவராய் வாழ்ந்தார்.

அக்காலத் திருவிதாங்கூரில் சாதி எத்துணைக் கொடிய ஆட்சி செலுத்தியது என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்கள் கோவிலுக்குள் நுழைதல் கூடாது. மேற்குலத்தாருக்கு இத்தனை அடி தொலைவில்தான் நிற்கவேண்டும் என்ற கணக்கும் இருந்தது. அங்கே அரசின் கோவில்கள் அனைவருக்கும் திறக்கப்பட்டது 1936-இல்தான். அந்த ஏணியின் உயர்ந்த படியில் நின்றவர் நீலகண்டன்.

1741-இல் குளச்சலில் நடந்த போரில் டச்சுப் படை திருவிதாங்கூரிடம் தோற்றது. சிறைப்பட்ட தளபதி டிலனாய், பின்னர் அம்மன்னரின் படைக்கே பயிற்சியளிப்பவரானார். கத்தோலிக்கரான அவரோடு நீலகண்டனுக்கு நட்பு ஏற்பட்டது. குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் நீலகண்டன் மனம் நொந்திருந்த வேளையில், அனைத்தையும் இழந்தும் இறைவனைக் கைவிடாத யோபுவின் கதையை டிலனாய் அவருக்கு எடுத்துரைத்தார் என்பர். 1745 மே 14-ஆம் நாள், வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவானவர் புத்தாரி அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். லாசர் என்னும் பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

மதம் மாறியதோடு அவர் நின்றிருந்தால் துன்பம் ஒருவேளை குறைந்திருக்கலாம். அவரோ தாழ்ந்தோர் என ஒதுக்கப்பட்டவர்களோடு வேற்றுமையின்றிப் பழகினார். கடவுள் முன்னிலையில் மாந்தர் அனைவரும் சமம் என்று எடுத்துரைத்தார். மேற்குலத்தார் பெரிதும் சினங்கொண்டனர். அரசுக்கு எதிரானவர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவருடைய தண்டனைக்கு மதம் காரணமன்று, வேறு குற்றங்களே காரணம் என்று எழுதிய வரலாற்றாசிரியர்களும் உளர். நெடிய ஆய்வுக்குப் பின்னர்த் திருச்சபை அவரை வேதசாட்சியாக ஏற்றது.

1749-இல் சிறைப்பட்ட தேவசகாயம் மூன்றாண்டுக்காலம் பட்ட பாடுகளைத் தென்னாட்டுக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமையின் மேல் பின்புறம் நோக்கி அமர்த்தி, ஊர் ஊராக அவரை இழுத்துச் சென்றனர். பிரம்படி பட்ட புண்களில் மிளகாய்த் தூளைத் தடவினர். பெருவிளையில் வேப்பமரத்தோடு அவரைக் கட்டிவைத்தனர். அவரைக் கண்டு ஆறுதல் பெற மக்கள் அங்கும் திரண்டனர். இறுதியில், 1752 சனவரி 14-ஆம் நாள், ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது 39. அவருடைய எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் திரட்டி, கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.

வேதசாட்சியின் வரலாறு இத்துடன் முடிந்துவிடவில்லை. அவர் சாதியை விட்டு ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872-இல் எழுந்த ஆலயம் இரண்டு பகுதிகளாகக் கட்டப்பட்டது. சாதியார் வேறு வேறாக அமர இடையே சுவர் நின்றது. ஒரே பலிபீடம், அதை நோக்கி இரண்டு கூட்டம்! 1910-இல் திருச்சபைத் தலைமை அச்சுவரை இடித்தபோது, தனியிடம் தங்கள் உரிமை என்று மேற்குலத்தார் வழக்குத் தொடுத்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்திற்குள் சாதி உரிமை கோரிய அவர்கள் தோற்றனர். செங்கற்சுவர் விழுந்தது. மனச்சுவர் முற்றும் விழுந்துவிட்டதா? இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இரண்டாக இருப்பதையும், தேர்ப்பவனி சில தெருக்களை விலக்கிச் செல்வதையும் நாம் அறிவோம். இந்திய ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது.

தேவசகாயத்திற்கு 2012 டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. அவ்வமயம் அவருடைய பெயரோடு பிள்ளை என்னும் சாதிப்பட்டமும் ஒட்டிக்கொண்டிருந்தது. சாதியைத் துறந்து உயிர்விட்டவரை மீண்டும் சாதிக்குள் அடைப்பது முறையோ என்று கேட்டுப் பலர் உரோமைக்கு விண்ணப்பித்தனர். அவ்விண்ணப்பம் ஏற்கப்பட்டது. 2022 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, வெறும் தேவசகாயமாகவே அவர் பீடமேறினார். இந்தியப் பொதுநிலையினருள் இப்பேறு பெற்ற முதல்வர் அவரே. அதே ஆண்டு ஆகஸ்டில், தலித் சமூகத்தில் பிறந்த ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்ந்ததும் நாம் மகிழ்ந்து குறிக்கத்தக்கது.

திருச்சபைக்குள் கேட்கவேண்டிய நீதி ஒன்று. அரசிடம் கேட்கவேண்டிய நீதி மற்றொன்று. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டுமே அளித்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. சேரியில் அதே தெரு, அதே உழைப்பு, அதே இழிவு. கோவிலுக்குப் போகும் அண்ணனுக்கு உள்ள உரிமை, மாதாகோவிலுக்குப் போகும் தம்பிக்கு இல்லை. இதனை நீக்குமாறு 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022-இல் நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் இவ்வுரிமையை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது.

இளைஞர்களே! தேவசகாயம் இறங்கி வந்த படிகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவருக்கு இழப்பதற்குப் பதவி இருந்தது. நமக்கோ பெறுவதற்கு உரிமைகள் உள்ளன. அதற்குக் கருவி கல்வி. விண்ணப்பம் எழுதவும், சட்டம் அறியவும், பங்குப் பேரவையிலும் ஊராட்சியிலும் எழுந்து பேசவும் கல்வி வேண்டும். அவ்வாறு படித்து உயர்ந்தவர் தம்மினும் எளியவரை மறந்தால், மலைவாழ் மலையாளி மக்களையோ புதிதாய்த் தோட்டத்திற்கு வந்த கூலியாளையோ தாழ்வாக நோக்கினால், இடித்த சுவரை நாமே எழுப்பியவராவோம். ஆண்டுதோறும் சனவரி 14-ஆம் நாள், பொங்கலை ஒட்டி அவர் நினைவு வருகிறது. அன்று விளக்கேற்றுவோர், ஒரே பந்தியில் அனைவரோடும் அமர்ந்து உண்ணவும் உறுதி கொள்வோமாக.