சக்கர நாற்காலியில் இருந்தே ஆபரேஷன்... யார் இந்த டாக்டர் மேரி வர்கீஸ்?

வீல்சேர் பாஸ்கெட்பாலிலும் கூடையின் உயரம் அதே 10 அடிதான். பந்தை எறிவதும் கையால், நாற்காலியை ஓட்டுவதும் கையால். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்த ஒருத்தர் அந்த மைதானம் வரை வரணும்னா, அதற்கு முன்பே மறுவாழ்வு மருத்துவம் அவரது தோளையும் கையையும் தயார் செய்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு வழி போட்டவர் மேரி வர்கீஸ்.

1925-ல் கேரளாவில் பிறந்தவர். வேலூர் சிஎம்சியில் படித்து அங்கேயே டாக்டர் ஆனார். 1954-ல் ஒரு வாகன விபத்து. இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. கால் போனால் என்ன, கை இருக்கிறதே என்று வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். மடங்கிப்போன தொழுநோயாளிகளின் விரல்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்தார் மேரி.

பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பயிற்சி. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது கேட்க லேசு. ஆனா மொத்த உடம்பையும் தோள்தான் தூக்கணும். 1962-ல் காமன்வெல்த் நாடுகளின் பாராப்ளீஜிக் போட்டி நடந்ததும் இதே பெர்த்தில்தான். அதில் வீல்சேர் பாஸ்கெட்பாலும் இருந்தது.

நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பியவர், சிஎம்சியில் அந்தத் துறைக்கே தலைவரானார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் மறைந்தார். பாகாயம் மையம் இப்போது அவர் பெயரில்தான் இயங்குகிறது.