அண்ணல் அம்பேத்கரும் இல்லத்தின் ஒளியும்

அரசியல் சட்டத்தை வரைந்த மேதை என்றும், ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்குப் போராடிய தலைவர் என்றும் அண்ணல் அம்பேத்கரை நாம் அனைவரும் அறிவோம். இந்நாட்டின் மின்னாற்றல் கொள்கைக்கு அடித்தளம் இட்டவர்களுள் அவரும் ஒருவர் என்பதை நம் இளைஞர்களுள் பலர் அறியார். நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அதனை எடுத்துரைப்பது கடமையாகும்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மாவ் என்னும் படைவீட்டு நகரில், சுபேதார் இராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய் அம்மையாருக்கும் 14ஆவது மகவாக அண்ணல் பிறந்தார். பள்ளியில் மற்ற பிள்ளைகளிடமிருந்து விலக்கி, சாக்குத் துணியில் தனியே அமர்த்தப்பட்டார். குடிநீர்க் கலத்தைத் தொடவும் அவருக்கு உரிமை இல்லை. பின்னர் குடும்பம் பம்பாய்க்குக் குடியேறி, பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பின் ஓர் அறையில் வாழ்ந்தது. சமையல், உறக்கம், படிப்பு யாவும் அந்த ஓர் அறையில்தான். மகன் உறங்க இடம் வேண்டித் தந்தையார் நள்ளிரவு கடந்தும் விழித்திருப்பார். இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டுத் தாம் படுப்பார். சிம்னி இல்லாத எண்ணெய் விளக்கின் ஆடும் சுடரில் அச்சிறுவர் விடியும்வரை படித்தார்.

1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1923இல் இலண்டனில் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பட்டங்களைத் தம் நலத்திற்கென வைத்துக்கொள்ளாமல், 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவி, நம்மவர்க்கு விடுதிகளும் படிப்பகங்களும் அமைக்கப் பாடுபட்டார்.

1942ஆம் ஆண்டு ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராகப் பொறுப்பேற்றார். மின்னாற்றலும் பாசனமும் அத்துறையின் கீழேயே இருந்தன. போருக்குப் பிந்திய மின் வளர்ச்சி பற்றி ஆராய 1943 அக்டோபரில் கூடிய கொள்கைக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். நிலத்தையே நம்பி மக்கள் பெருகிக் கிடப்பது வறுமைக்குக் காரணம் என்றும், தொழில் வளர்ந்தாலன்றி அவ்வறுமை நீங்காது என்றும், மலிவாகவும் நிறைவாகவும் மின்சாரம் கிட்டினாலன்றித் தொழில் வளராது என்றும் அவர் படிப்படியாக எடுத்துரைத்தார். மின் வழங்கலைத் தனியாரிடம் விடுவதா, அரசே ஏற்பதா என்னும் வினாவையும் குழுவின் முன் வைத்தார்.

1944இல் மத்திய தொழில்நுட்ப மின்னாற்றல் வாரியம் அமைந்தது. வெள்ளத்தால் அழிவு செய்த தாமோதர் ஆற்றைத் தடுத்துப் பாசனமும் மின்சாரமும் பெறும் திட்டம் பற்றி 1945இல் கல்கத்தாவில் நடந்த மாநாடுகளை அவரே வழிநடத்தினார். அவர் பதவி விலகியபின், 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகமாக அது உருப்பெற்றது. அதே 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும், மறு ஆண்டில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் தோற்றுவித்தார். 1956ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார்.

மலிவான மின்சாரம் ஏழைக்கும் வேண்டும் என்பது அண்ணலின் நோக்கம். ஆயினும் பல ஊர்களில் ஊர்த்தெருவுக்கு விளக்கு வந்து நெடுநாள் கழிந்தே சேரிக்கு வந்தது. குடிசைக்கு ஒரு விளக்கு வந்த நாளே பல வீடுகளில் திருநாளாயிற்று. அவ்வளவு அரிதாய்ப் பெற்ற மின்சாரத்தை வெப்பமாக வீணாக்குவது தகுமா? பழைய இழை பல்பு, உண்ணும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்கையே ஒளியாக்கும். எஞ்சியதெல்லாம் வெறும் சூடு. 60 வாட் இழை பல்பு தரும் ஒளியை 9 வாட் எல்.இ.டி. பல்பு தந்துவிடும். நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரித்தால், மின் கணக்கு எடுக்கும் இரு திங்களில் முன்னதற்கு 18 யூனிட். பின்னதற்கு மூன்று யூனிட்டுக்கும் குறைவு. விலை சற்று மிகினும் பல்லாண்டு உழைக்கும்.

வாங்குங்கால் வாட்டை மட்டும் பாராது, உறைமீது அச்சிட்டுள்ள லூமென் அளவைக் காண்க. அதுவே ஒளியின் அளவு. நட்சத்திர முத்திரையையும் காண்க. நம் காஞ்சியில் தறி உள்ள வீட்டார் மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். மலிவான விளக்குகள் சிலவற்றின் கீழ் அரக்கும் மெரூனும் ஒன்றுபோல் மயங்கும். பகலில் பார்க்கையில் பட்டின் நிறம் பிசகியிருக்கும். ஆதலின் நிறத்தை உள்ளவாறு காட்டும் திறனாகிய சி.ஆர்.ஐ. 90 அளவில் உள்ள விளக்கைத் தறிக்குத் தேர்க. படிக்கும் பிள்ளைக்கோ, கண் கூசாத விளக்கு ஒன்று, எழுதும் கையின் நிழல் ஏட்டில் விழாதவாறு இடப்பக்கம் அமைதல் நன்று. இடக்கையால் எழுதுவோர்க்கு வலப்பக்கம்.

இளைஞர்களே! மின்கட்டணத்தில் மிஞ்சும் பணம் சிறிதே எனினும், ஓராண்டில் அது சில நூல்களின் விலையாகும். இவ்வாண்டே உங்கள் தெருவில் வீடுதோறும் சென்று பெரியோர்க்கு இதனை விளக்குங்கள். இரவிலே நம் பிள்ளைகள் படிக்கும் வீடு பெருகட்டும்.