டாக்டர் சிட்னி ஃபார்பர்

அமெரிக்க நாட்டின் பஃபலோ நகரில், 1903-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், ஒரு யூதக் குடும்பத்தில் சிட்னி ஃபார்பர் பிறந்தார். வீட்டில் பதினான்கு பிள்ளைகள், இவர் மூன்றாமவர். அந்நாளில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் யூத மாணவர்க்கு இடம் கிடைப்பது அரிது. எனவே ஜெர்மனி சென்று முதலாண்டுப் பாடங்களைப் பயின்று, பின்னரே ஹார்வர்டில் சேர்ந்து, 1927-இல் மருத்துவரானார்.

பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் அவர் ஏற்றது நோயியல் வல்லுநர் பணி. இறந்த குழந்தைகளின் உடலை ஆய்வதும், திசுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பதுமே அன்றாட வேலை. அவர் முன் வந்த குழந்தைகளில் இரத்தப் புற்றுநோயால் மாண்டவர் பலர். அந்நோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடும் காலம் அது. 1947-இல் அவர் நுண்ணோக்கியை விட்டு எழுந்து, உயிரோடிருக்கும் குழந்தைகளிடம் வந்தார்.

முதல் முயற்சி விபரீதமாயிற்று. ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருள்களைக் கொடுத்தபோது, நோய் மேலும் விரைவதாகத் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் பொருள் நோயை ஒடுக்க வேண்டுமே என்று எண்ணினார். அத்தகைய பொருளை ஆக்கித் தந்தது லெடர்லி ஆய்வுக்கூடம். அதன் ஆராய்ச்சி இயக்குநர் எல்லாப்பிரகட சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அமினாப்டெரின் எனும் அம்மருந்தைப் பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. 1948 ஜூன் மாதம் இச்செய்தி வெளியாயிற்று. படுக்கையில் கிடந்த பிள்ளைகள் எழுந்து விளையாடினர். ஆனால் தணிந்த நோய் சில மாதங்களில் திரும்பி வந்தது.

இங்கேதான் ஃபார்பருக்கு ஓர் உண்மை தட்டுப்பட்டிருக்க வேண்டும். எந்த மருந்தை, எவ்வளவு, எந்த முறையில் கொடுத்தால் நோய் திரும்பாது என்பதை அறிய நூற்றுக்கணக்கான நோயாளிகள் வேண்டும். எவ்வளவு பெரிய மருத்துவமனையாயினும் ஓராண்டில் அத்தனை பேரைக் காணாது. பத்து மருத்துவமனைகள் பத்து விதமாக மருந்து கொடுத்தாலோ, கணக்கு ஒன்றோடொன்று பொருந்தாது.

பணம் திரட்டுவதில் அவர் வல்லவர். 1948 மே மாதம் ஜிம்மி என்று பெயர் மாற்றிச் சொல்லப்பட்ட ஒரு சிறுவனை வானொலியில் பேசவைத்து, இரண்டு இலட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். (அச்சிறுவன் பிழைத்து, 2001 வரை வாழ்ந்தான்.) ஆனால் வானொலி நிதி ஒரு கட்டடத்துக்குப் போதும், நாடளாவிய ஆராய்ச்சிக்குப் போதாது. மேரி லாஸ்கர் அம்மையாரோடு சேர்ந்து காங்கிரஸ் உறுப்பினர்களை அவர் இடைவிடாது வற்புறுத்தினார். 1955-இல் புற்றுநோய் மருந்து ஆராய்ச்சிக்கென 50 இலட்சம் டாலர் ஒதுக்கப்பட்டு, ஒரு தேசியப் பணி மையம் தோன்றியது.

பணத்தைப் பெற்றவர் ஃபார்பர். மருத்துவமனைகளைக் கோத்தவர்கள் வேறு சிலர். தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் டாக்டர் கார்டன் ஜூப்ராட் போர்க்காலத்தில் மலேரியா மருந்து ஆய்வில் உழைத்தவர்; பல இடங்களில் ஒரே திட்டத்தை நடத்தும் வித்தையை அங்கே கற்றவர். அவருடைய ஆதரவில் பெத்தெஸ்டா, பஃபலோ மருத்துவர்கள் இணைந்து நடத்திய முதல் ஆய்வு, 65 நோயாளிகளின் கணக்கோடு 1958-இல் வெளிவந்தது. ஃபார்பர் பிறந்த ஊர் அக்கோவையில் முதல் மணியாயிற்று.

இந்த ஏற்பாடு நமக்குப் புதியதன்று. பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகள் அனைத்துக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நாள், ஓரிடத்தில் திருத்தம் என்பதை நாம் ஆண்டுதோறும் அனுபவிக்கிறோமல்லவா? அதுபோன்றதே இதுவும். யாரைச் சேர்க்கலாம், எத்தனை மில்லிகிராம், எந்த நாளில் இரத்தப் பரிசோதனை என்பன எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒன்றே. எந்த நோயாளிக்கு எந்த முறை என்பதைச் சிகிச்சை செய்பவர் தீர்மானிப்பதில்லை. குலுக்கல் முறை தீர்மானிக்கும். நிரப்பிய படிவங்கள் புள்ளியியல் அலுவலகத்துக்குச் சென்றுவிடும். பெரிய மருத்துவர்களுக்கு இது எளிதாகவா இருந்திருக்கும்? தம் அனுபவமே சான்று என்றிருந்தவர்கள் ஒரு குமாஸ்தாவின் கடிதத்துக்குக் காத்திருக்க நேர்ந்தது. எனினும் அந்தப் படிவங்கள் இல்லையேல் மருந்துகள் வெறும் நம்பிக்கையாகவே நின்றிருக்கும் என்பது என் கருத்து.

ஃபார்பரின் இன்னொரு சாதனை, வில்ம்ஸ் கட்டி எனும் குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோய்க்கு ஆக்டினோமைசின் டி மருந்தை 1950-களில் பயன்படுத்தியது. இது அமெரிக்கா முழுவதிலும் ஆண்டுக்குச் சுமார் 500 குழந்தைகளுக்கே வரும் நோய். தனி ஒரு மருத்துவமனையால் ஆராய முடியாதது. அப்பணியில் அவரோடு உழைத்த டாக்டர் ஜூலியோ டாஞ்சியோவே, பல மருத்துவமனைகளை இணைத்து 1969-இல் தொடங்கிய தேசிய வில்ம்ஸ் கட்டி ஆய்வுக்குத் தலைவரானார்.

1971 டிசம்பரில் நிறைவேறிய தேசியப் புற்றுநோய்ச் சட்டத்துக்கும் ஃபார்பர் முன்நின்று உழைத்தார். 1973 மார்ச் 30-ஆம் நாள், 69-ஆம் வயதில் காலமானார். வில்ம்ஸ் ஆய்வின் முடிவு மூன்றாண்டு கழித்து 1976-இல்தான் வெளியாயிற்று. கட்டி முற்றிலும் அகற்றப்பட்ட, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு தேவையில்லை. நோய் சற்றுப் பரவியவர்களுக்கு ஆக்டினோமைசினும் வின்கிரிஸ்டினும் சேர்ந்து தரும் பயன் தனித்தனியே தருவதினும் மிகுதி. பச்சைக் குழந்தைகள் பலர் வீண் கதிர்வீச்சிலிருந்து தப்பினர்.

பல மருத்துவமனைகளிலிருந்தும் திரட்டிய திசுத் தகடுகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்ததில் மற்றொன்றும் புலப்பட்டது. நுண்ணோக்கியில் தீய தோற்றம் காட்டிய கட்டிகள் நூற்றுக்குச் சுமார் 12. ஆனால் அந்நோயால் நேர்ந்த இறப்பில் பாதிக்கு மேல் அவற்றாலேயே. 1978-இல் இது வெளியானபோது, நுண்ணோக்கியோடு வாழ்வைத் தொடங்கிய ஃபார்பர் அதைப் படிக்க இல்லை.