கேள்வி கேட்ட விசுவாசம்

உறுதியான விசுவாசத்தில் கேள்விகளுக்கு இடமில்லை என்று நம்மில் அநேகர் எண்ணுகிறோம். கேள்வி எழுப்புகிறவரைச் சபையிலும் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம். பண்டித ரமாபாயின் வாழ்க்கை இந்த எண்ணத்திற்கு இணங்குவதில்லை.

ரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், இன்றைய கர்நாடகத்தின் கங்காமூலா வனப்பகுதியில் பிறந்தார். அவருடைய தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்பித்ததற்காகச் சொந்த சமூகத்தாரின் எதிர்ப்பைச் சம்பாதித்தவர். அந்தத் தாயே மகளுக்கு ஆசிரியையானார். குடும்பம் புண்ணியத் தலங்கள்தோறும் நடந்து, புராணம் வாசித்துப் பிழைத்தது. 1870களில் வந்த பஞ்சத்தில் தந்தை, தாய், தமக்கை ஆகிய மூவரும் சில மாதங்களுக்குள் மாண்டனர். ரமாபாயும் அவருடைய அண்ணனும் பட்டினியோடு நாடெங்கும் நடந்து 1878இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்கே அவருடைய புலமையைச் சோதித்த அறிஞர்கள் வியந்து, பண்டிதா, சரஸ்வதி என்னும் பட்டங்களை அளித்தனர்.

துக்கம் அவரை விடவில்லை. 1880இல் அண்ணன் மறைந்தார். அதே ஆண்டில் அவர் மணந்த வங்காள வழக்கறிஞர் 1882இல் காலராவுக்குப் பலியானார். இருபத்துமூன்று வயதில், மனோரமா என்னும் கைக்குழந்தையோடு அவர் விதவையானார்.

மருத்துவம் பயிலும் நோக்கத்தோடு 1883இல் அவர் இங்கிலாந்து சென்றார். செவித்திறன் குறைந்திருந்தபடியால் அது கைகூடவில்லை. ஆனால், வான்டேஜ் நகரத்துக் கன்னியர் நடத்திவந்த ஓர் இல்லத்தைக் காணும்படி லண்டனுக்கு அருகேயுள்ள புல்ஹாமுக்கு அனுப்பப்பட்டார். உலகம் ஒதுக்கித் தள்ளிய பெண்களை அங்கே அன்போடு தாங்கினார்கள். இது எங்கிருந்து வந்தது என்று வினவினார். யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தில், சமாரியப் பெண்ணோடு பேசிய இயேசுவைக் கண்டார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார்.

இத்தோடு கதை நிறைவுற்றது என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். உண்மையில் போராட்டம் அப்போதுதான் ஆரம்பமாயிற்று. திரித்துவம், கிறிஸ்துவின் தெய்வத்துவம், சபையின் அதிகாரம் ஆகியவற்றைக் குறித்துத் தம் ஞானத்தாயான சகோதரி ஜெரால்டீனோடு கடிதங்களில் வாதாடினார். சிலுவையில் இலத்தீன் எழுத்துகள் எதற்கு, தம் தேசத்தார் அறிந்த சமஸ்கிருதம் இருக்கலாமே என்றார். மாமிசத்தைத் தொடவில்லை. இவர் பெருமையுள்ளவர் என்று கருதியவர்கள் உண்டு. கல்லூரியில் அவர் ஆண்களுக்குப் பாடம் சொல்லித்தருவதை ஆயர்கள் தடுத்தபோதும் அவர் எளிதில் பணிந்துவிடவில்லை. மனச்சாட்சி ஏற்காத ஒன்றை உதடுகளால் அறிக்கையிட அவரால் இயலவில்லை, அவ்வளவுதான். ஞானஸ்நானத்திற்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே, கிறிஸ்தவ மார்க்கத்தைப் பெற்றிருந்த தாம் கிறிஸ்துவைப் பெற்றிருக்கவில்லை என்று உணர்ந்து, அவரிடம் முழுமையாகத் தம்மை ஒப்புக்கொடுத்தார்.

அதற்குள் அமெரிக்க நண்பர்களின் பத்தாண்டு நன்கொடை உறுதியோடு, 1889இல் பம்பாயில் விதவைகளுக்கான சாரதா சதனம் தொடங்கி, மறு ஆண்டே புனேவுக்கு மாறியிருந்தது. 1893இல், மாணவியர் சிலர் கிறிஸ்துவின்பால் ஈர்க்கப்படுகின்றனர் என்ற செய்தி பரவியது. ரானடே, பண்டார்கர் போன்ற ஆலோசகர்கள் விலகினர். பெற்றோர் பெண்களை அழைத்துக்கொண்டு போயினர். தம் ஜெப வேளையில் கதவை மூடிக்கொண்டால் போதும், பள்ளிக்கூடம் தப்பியிருக்கும். யாரையும் தாம் வற்புறுத்தவில்லை. ஆனால் கதவையும் மூடப்போவதில்லை என்பதே அவருடைய நிலை.

1896இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. பசியால் மாண்ட பெற்றோரின் மகள் அச்செய்தியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாரோ? நேரில் சென்று சுமார் 300 பெண்களையும் சிறுமியரையும் அழைத்துவந்தார். புனேயில் பிளேக் நோய் பரவியதால் அவர்களை நகரில் வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கவில்லை. நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கேட்காவில் வாங்கியிருந்த வெற்று நிலத்தில் குடிசைகள் எழுந்தன. அதுவே முக்தி மிஷன். 1898இல் அமெரிக்க உறுதிமொழிக் காலமும் முடிந்தது. கணக்குப் பார்க்கிறவர் எவரும் ஆட்களைக் குறைத்திருப்பார். ரமாபாயோ 1900இல் குஜராத் பஞ்சத்திலிருந்து இன்னும் பலரை ஏற்றார். கேட்காவில் இருந்தோர் தொகை ஏறத்தாழ 2,000 ஆயிற்று. முக்தி என்றதும் 1905ஆம் ஆண்டின் எழுப்புதலையே நாம் பேசுகிறோம். அந்த 2,000 பேருக்கு நாள்தோறும் அடுப்பு எரிந்ததும் எழுப்புதலுக்குச் சற்றும் குறைந்ததல்ல. கிணறுகள் வெட்டினார்கள், நெசவு நெய்தார்கள், அச்சுக் கோத்தார்கள். பார்வையற்றோரும் அங்கே கல்வி கற்றார்கள்.

கேள்வி கேட்கும் குணமும் அவரைவிட்டுப் போகவில்லை. மராத்தி வேதாகமம் எளிய பெண்களுக்குப் புரியவில்லை என்று கண்டு, எபிரெயமும் கிரேக்கமும் கற்று, தாமே மொழிபெயர்க்கலானார். 1921இல் மகள் மனோரமா தாய்க்கு முன் மரித்தார். வலது கரமாயிருந்த மகளை அடக்கம் செய்த பின்பும், தளர்ந்த சரீரத்தோடு அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முக்தி அச்சகத்துப் பெண்கள் கோத்த எழுத்துகளில் அந்த வேதாகமம் 1924இல் வெளிவந்தது.