ஒலிம்பிக் தங்கத்தை விட்டுட்டு கிரிக்கெட்டுக்குப் போனவர்: யார் இந்த எம்.ஜே.கோபாலன்?

1936 ஆகஸ்ட் 15. பெர்லினில் ஒலிம்பிக் ஹாக்கி இறுதிப் போட்டி. தியான்சந்த் தலைமையிலான இந்திய அணி ஜெர்மனியை 8-1 என்று பந்தாடி, தொடர்ந்து மூன்றாவது முறையாகத் தங்கம் வாங்கியது.

அதே நாள், லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியா - இங்கிலாந்து மூன்றாவது கிரிக்கெட் டெஸ்ட் தொடங்கியது. பெர்லினில் ஹாக்கி மட்டையோடு நின்றிருக்கக்கூடிய ஒருவர், அன்று கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்தில் இருந்தார். ஆனா ஆடும் 11 பேரில் அவர் பெயர் இல்லை. அந்தத் தொடரின் முதல் இரண்டு டெஸ்டுகளிலும் இல்லை.

அவர்தான் எம்.ஜே.கோபாலன். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். வாழ்க்கையில் ஒரே நேரத்தில் இரண்டு கதவு திறந்து, நாம் போன கதவு சரியா தவறா என்று பின்னாடி யோசிக்கிற எல்லோருக்கும் இவர் கதையில் விஷயம் இருக்கு.

நம்ம மாவட்டத்துக்காரர்

கோபாலன் பிறந்தது 1909 ஜூன் 6. ஊர், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னையிலிருந்து சுமார் 50 மைல் தள்ளி இருக்கிற மோரப்பாக்கம். பெயரில் இருக்கும் ‘எம்’ அந்த ஊர்தான். தாம்பரம் அப்போதும் செங்கல்பட்டு மாவட்டம், 2019-க்குப் பிறகு இப்போதும் அதே பெயருள்ள மாவட்டம். அந்த வகையில் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருப்பவர்களுக்கு இவர் சொந்த மாவட்டத்துக்காரர்.

குடும்பம் திருவல்லிக்கேணிக்கு வந்தது. சேப்பாக்கம் மைதானம் நடக்கிற தூரம். உயரமான பையன், வேகமாகப் பந்து போடுகிறான் என்பதை முதலில் கவனித்தவர் ஓர் ஆங்கிலேயர், சி.பி.ஜான்ஸ்டன். கேம்பிரிட்ஜிலும் கென்ட் அணியிலும் ஆடிவிட்டு மெட்ராஸுக்கு வந்தவர். கோபாலனுக்கு பர்மா ஷெல் எண்ணெய் கம்பெனியில் வேலையும், திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் இடமும் கிடைக்க வழி பண்ணியவர் அவர்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கு. அந்தக் காலத்தில் மெட்ராஸின் பெரிய கிரிக்கெட் திருவிழா, பொங்கலை ஒட்டி சேப்பாக்கத்தில் நடந்த பிரசிடென்சி மேட்ச். ஐரோப்பியர் ஒரு பக்கம், இந்தியர் ஒரு பக்கம். ஜான்ஸ்டன் ஐரோப்பியர் அணியின் முக்கிய ஆள். கோபாலன் இந்தியர் அணி. அதாவது, நாளைக்குத் தன் அணிக்கு எதிராகவே பந்து போடப் போகிற பையனுக்குத்தான் ஜான்ஸ்டன் மாதச் சம்பளத்துக்கு வழி பண்ணினார். விளையாட்டில் சுயநலமின்மை என்றால் என்ன என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் தேட வேண்டியதில்லை.

ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்து

1934 நவம்பர் 4. சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதின. ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் மேட்ச் அது. முதல் பந்தைப் போட்டவர் கோபாலன். கேப்டன் யார்? அதே ஜான்ஸ்டன். மைசூர் 48, 59 என்று சுருண்டது. ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் அள்ளினார். ஒரே நாளில் மேட்ச் முடிந்துவிட்டது.

அதற்கு முன்பே, 1934 ஜனவரியில், கல்கத்தா டெஸ்டில் கோபாலன் இந்தியாவுக்கு ஆடியிருந்தார். எதிரில் ‘பாடிலைன்’ புகழ் டக்ளஸ் ஜார்டினின் இங்கிலாந்து அணி. கோபாலன் எடுத்தது 18 ரன், ஒரு விக்கெட். அடுத்த டெஸ்ட் பிப்ரவரியில் சேப்பாக்கத்தில். அந்த மைதானத்தில் நடந்த முதல் டெஸ்டே அதுதான். வீட்டுக்குப் பக்கத்து மைதானம். அதில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த டெஸ்டிலும் கிடைக்கவில்லை.

ஒரே ஆண்டில் இரண்டு கதவு

ஹாக்கியில் அவர் சென்டர் ஹாஃப். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில் நின்று ஆட்டம் முழுக்க ஓட வேண்டிய இடம். 1935-ல் தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து போன இந்திய அணியில் அவரும் இருந்தார். அடுத்த ஆண்டு பெர்லின். ஹாக்கியில் இந்தியாவைத் தோற்கடிக்க அன்று உலகத்தில் ஆளில்லை. 1928-லும் 1932-லும் தங்கம் வாங்கிய அணி.

அதே 1936-ல் இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குக் கிளம்பியது. கோபாலனுக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்திருந்தது. இரண்டும் ஒரே கோடையில். ஒன்றைத்தான் எடுக்க முடியும். அவர் கிரிக்கெட்டை எடுத்தார். அப்போது வயது 26.

அந்த டூர் எப்படிப் போனது என்பது ஊரறிந்த கதை. விஜயநகரம் மகாராஜ்குமார் கேப்டன். அணிக்குள் கோஷ்டிச் சண்டை. நல்ல ஃபார்மில் இருந்த லாலா அமர்நாத்தை முதல் டெஸ்டுக்கு முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். தொடர் 0-2 என்று போனது. கோபாலன் மூன்று டெஸ்டுக்கும் வெளியே. அந்தப் பக்கம் ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது.

அப்போ, அது தப்பான முடிவா?

இங்கேதான் இன்னொரு மெட்ராஸ்காரரைப் பார்க்க வேண்டும். கோட்டா ராமசாமி. இவரும் இரண்டு விளையாட்டுக்காரர். 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்கு ஆடியவர். அதே 1936 டூரில் இவரும் போனார். அப்போது அவருக்கு வயது 40. ஓல்ட் டிராஃபோர்டில் முதல் டெஸ்ட் வாய்ப்பு வந்தது. 40 ரன், 60 ரன். அடுத்து ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. இரண்டே டெஸ்ட், சராசரி 56-க்கு மேல்.

ஒரே ஊர், ஒரே கப்பல், ஒரே அணி. ஒருவருக்கு 40 வயதில் கதவு திறந்தது, இன்னொருவருக்கு 27 வயதில் மூடியது. இரண்டு பேரில் ஒருவர் புத்திசாலி, மற்றவர் ஏமாளி என்று சொல்ல முடியுமா? முடிவு எடுப்பது நம் கையில். அந்த முடிவு என்ன பலன் தரும் என்பது கேப்டன், தேர்வுக் குழு, வானிலை, அன்றைய அதிர்ஷ்டம் என்று பத்துப் பேர் கையில். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் வாழ்நாள் முழுக்க நம்மையே திட்டிக்கொண்டு இருப்போம்.

மெப்ஸிலோ ஓஎம்ஆரிலோ வேலை பார்க்கும் ஒருவர் கையில் இரண்டு ஆஃபர் இருக்கு. ஒன்றை எடுக்கிறார். ஆறு மாதத்தில் அந்த டீமையே கலைத்துவிடுகிறார்கள். விட்டுவந்த கம்பெனியோ கொடிகட்டிப் பறக்கிறது. அன்று இருந்த தகவலை வைத்து அவர் யோசித்தது சரியாகவே இருந்திருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி, அடுத்த நாள் காலையில் அவர் என்ன செய்கிறார் என்பதுதான்.

கோபாலன் அடுத்து என்ன செய்தார்?

திரும்பி வந்து பந்து போட்டார். அவ்வளவுதான்.

1926-27 சீசனில் தொடங்கிய அவருடைய முதல்தரக் கிரிக்கெட், 1936-ன் ஏமாற்றத்தைத் தாண்டி 1951-52 வரை போனது. இங்கிலாந்திலிருந்து வந்த பிறகு மட்டும் சுமார் 15 ஆண்டுகள். டெஸ்ட் இல்லை, பெரிய பணம் இல்லை. வேகப்பந்து வீச்சாளருக்கு சென்னை வெயிலும் செத்த பிட்ச்சும்தான் பரிசு. 200-ஐ நெருங்கிய விக்கெட்டுகள், சுமார் 3,000 ரன்கள் என்று கணக்கு முடிந்தது.

ரஞ்சிக் கோப்பைகூட அவர் கைக்கு வரவில்லை. மெட்ராஸ் முதன்முதலில் அதை வென்றது 1954-55-ல், அவர் ஓய்ந்த பிறகு. அந்த அணியில் ஜொலித்த ஏ.ஜி.கிருபால் சிங், முதல் ரஞ்சி மேட்ச்சில் கோபாலனோடு ஆடிய ராம்சிங்கின் மகன். அந்த ராம்சிங் ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. மகன்கள் கிருபாலும் மில்காவும் ஆடினார்கள். விதைத்தவரும் அறுத்தவரும் வேறு வேறு ஆள் என்பது மெட்ராஸ் கிரிக்கெட்டில் புதிதல்ல.

ஆடி முடித்த பிறகும் கோபாலன் மைதானத்தை விட்டுப் போகவில்லை. 1950-களில் தேசியத் தேர்வுக் குழுவில் இருந்தார். ஒரு காலத்தில் தேர்வாளர்களால் வெளியே உட்கார வைக்கப்பட்டவர், இப்போது இளைஞர்களின் பெயர்ப் பட்டியலோடு மேஜைக்கு அந்தப் பக்கம்.

பெயர் எப்படி நின்றது?

அவர் கிரிக்கெட்டுக்கு வந்து 25 ஆண்டு ஆனதைக் கொண்டாட, மெட்ராஸ் அணிக்கும் இலங்கை அணிக்கும் இடையே ஒரு போட்டி 1952-53 சீசனில் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் கோபாலன் டிராபி. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது 1981-ல். அதுவரை அந்நாட்டு வீரர்களுக்கு முதல்தரக் கிரிக்கெட் ஆடக் கிடைத்த வாய்ப்புகளே குறைவு. மைக்கேல் திசேரா, அனுரா தென்னக்கோன் போன்றவர்கள் ஆடிப் பழகிய களங்களில் இந்தப் போட்டியும் ஒன்று.

ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவரின் பெயரில் நடந்த போட்டி, ஒரு நாடே டெஸ்ட் ஆடத் தயாராக உதவியது.

2003 டிசம்பர் 21-ல் சென்னையில் கோபாலன் காலமானார். வயது 94. அப்போது உலகில் உயிரோடு இருந்த டெஸ்ட் வீரர்களிலேயே மூத்தவர் அவர்தான். பெர்லின் தங்கம் அவர் வீட்டு அலமாரிக்கு வரவே இல்லை. ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்து யார் போட்டது என்று யார் தேடினாலும், பதில் மோரப்பாக்கத்துக்காரர் பெயர்தான்.