மூஞ்சூறை அளந்த டாக்டர்

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் சரக்குக் கிடங்குகளில் இரவுக் காவல் இருப்பவர்களுக்கு ஒரு கூட்டாளி உண்டு. இருட்டியதும் சுவரோரமாக 'கீச் கீச்' என்று கத்திக்கொண்டு ஓடும். நீண்ட மூக்கு, கடுகுபோலக் கண், கஸ்தூரியை நினைவூட்டும் காட்டமான வாடை. அதுதான் மூஞ்சூறு.

விநாயகர் வாகனம் என்று சிலர் கும்பிடுவார்கள். எலி என்று எண்ணிச் சிலர் அடித்துப்போடுவார்கள். உண்மையில் அது எலி ஜாதியே அல்ல. எலி கொறித்துத் தின்னும். மூஞ்சூறோ கரப்பான், புழு, பூச்சிகளை வேட்டையாடித் தின்னும். இமயமலைப் பக்கத்தில் மண்ணுக்குள்ளேயே வாழும் அகழெலிதான் அதற்குச் சொந்தக்காரன்.

இந்தச் சின்னஞ்சிறு பிராணிகளையும் யானை, புலிக்குச் சமமாக மதித்து, அளந்து, பெயரிட்டு, இந்தியாவின் பாலூட்டிகள் பற்றிய ஒரே புத்தகத்தில் சேர்த்தார் ஒரு வெள்ளைக்கார டாக்டர். அவர் பெயர் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன்.

படகில் வந்த டாக்டர்

ஜெர்டன் 1811-ம் ஆண்டு இங்கிலாந்தில் டர்ஹாம் வட்டாரத்தில் பிறந்தார். எடின்பரோவில் வைத்தியம் படித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் உதவி சர்ஜன் உத்தியோகம் கிடைத்தது. 1836 பிப்ரவரியில் இந்தியா வந்து சேர்ந்தார்.

அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு எட்டாத தூரத்தில் நங்கூரம் போடும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில் அலைமேல் ஏறி இறங்கித்தான் கரை சேரவேண்டும். ராயபுரம் ரயில் நிலையம் திறக்க இன்னும் 20 ஆண்டுகள் இருந்தன.

பட்டாளத்தோடு ஊர் ஊராகப் போனார் ஜெர்டன். காலையில் நோயாளிகள், மற்ற நேரமெல்லாம் பறவை, மீன், பாம்பு, எறும்பு! 1840-களில் எண்ணூர், பழவேற்காடு தாண்டி வடக்கே இருக்கும் நெல்லூரில் சிவில் சர்ஜனாக இருந்தார். அங்கே ஏனாதிகள் என்ற பழங்குடி மக்களிடம் பழகி, பறவைகளின் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். படித்தவர்களுக்குத் தெரியாத காடு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கேட்பதற்கு அவர் வெட்கப்படவில்லை.

1847-க்குள், 50 வண்ணப் படங்களோடு பறவைகள் பற்றிய ஒரு நூலைச் சென்னையில் பகுதி பகுதியாக வெளியிட்டார். படங்களில் நம் நாட்டு ஓவியர்களின் கைவண்ணம் இருந்தது. 1851-ல் தென்னிந்திய எறும்புகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். தாவிக் குதிக்கும் எறும்பு ஒன்றை உலகுக்கு அறிமுகம் செய்தவர் அவரே.

மலையில் கண்ட சுரங்கம்

1857 கிளர்ச்சிக்குப் பிறகு டார்ஜிலிங் போனார். தென்னாட்டில் காணமுடியாத பிராணி ஒன்று அங்கே இருந்தது. அதுதான் அகழெலி.

அதன் உடம்பு நாலே முக்கால் அங்குலம்தான், அதாவது சுமார் 12 சென்டிமீட்டர். வால் இருப்பதே தெரியாது. கண்ணும் அப்படியே. முன்னங்கால்கள் மட்டும் மண்வெட்டிபோல அகன்றிருக்கும். ரோமம் வெல்வெட் துணி மாதிரி. சுரங்கத்தில் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் மண் தடுக்காது. மண்புழுதான் முக்கிய ஆகாரம்.

டார்ஜிலிங் பாதைகளின் குறுக்கே அதன் சுரங்கங்கள் ஓடுவதை ஜெர்டன் கவனித்தார். ஒரு பெரிய கருவாலி மரத்தின் அடியிலிருந்து இன்னொரு மரத்தின் அடிவரை அவை போயின. பகலில் யாராவது மிதித்து உடைத்தால், இரவுக்குள் அகழெலி அதைச் செப்பனிட்டுவிடும்! ஐரோப்பிய அகழெலி மண்ணை மேலே குவித்து மேடு எழுப்பும். இது அப்படிச் செய்யவில்லை என்பதையும் குறித்துவைத்தார்.

புட்டியில் புகுந்த வாடை

1867-ல் ரூர்க்கியில் அவருடைய 'இந்தியப் பாலூட்டிகள்' நூல் அச்சாயிற்று. அதற்கு முன் இந்த விவரங்கள் பல நாட்டு நூல்களில் சிதறிக் கிடந்தன. புத்தகசாலை இல்லாத ஜில்லாவில் வேலை பார்ப்பவர், கையில் கிடைத்த பிராணி எது என்று தானே கண்டுபிடிக்க வழியில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே அவர் எழுதினார்.

மூஞ்சூறுமீது ஒரு பெரிய பழி இருந்தது. மூடிய ஒயின் புட்டிமேல் அது ஓடினாலே போதும், உள்ளே இருக்கும் ஒயினில் வாடை ஏறிவிடும் என்று வெள்ளைக்காரர்கள் சாதித்தார்கள். ஜெர்டன் நம்பவில்லை. இங்கிலாந்தில் அடைத்து வந்த புட்டிகளில் அவர் அந்த வாடையைக் கண்டதில்லை. அப்படியானால் வாடை மூடிய புட்டிக்குள் புகவில்லை. இங்கே அடைப்பதற்கு முன்பே காலிப் புட்டியிலோ தக்கையிலோ ஒட்டியிருக்கிறது. எளிய யோசனை! அதற்குமுன் எத்தனையோ பேர் புட்டியைத் திறந்தும் அது தோன்றவில்லை.

அரை ரூபாய் எடை

அதே நூலில் நீலகிரிக் குட்டி மூஞ்சூறுக்கும் இடம் கொடுத்தார். தெற்கு ஐரோப்பாவிலிருந்து ஆசியா வரை பரவியிருக்கும் மிகச் சிறிய மூஞ்சூறு இனத்தில் இதையும் இன்று சேர்க்கிறார்கள். எடையில் உலகிலேயே மிகச் சிறிய பாலூட்டி அதுதான்.

உடம்பு சுமார் 4 சென்டிமீட்டர். எடை 2 கிராமுக்கும் குறைவு. இன்றைய ஒரு ரூபாய் நாணயத்தின் எடையில் பாதி. இதயம் ஒரு விநாடிக்கு 25 தடவை வரை துடிக்கும். இத்தனை சின்ன உடம்பில் சூடு தங்காது, வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட, தினமும் தன் எடையைவிட அதிகமாகத் தின்றாக வேண்டும். சில மணி நேரம் இரை கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

முடியாத புத்தகம்

ஓய்வு பெற்ற பிறகும் ஜெர்டன் ஓயவில்லை. அஸ்ஸாமில் சுற்றும்போது காய்ச்சல் பற்றியது. 1870-ல் தாய்நாடு திரும்பினார். 1872 ஜூன் 12-ல், 60-வது வயதில் லண்டன் அருகே காலமானார். பாம்பு, பல்லி இனங்களைப் பற்றி எழுதிவந்த நூல் முற்றுப்பெறவில்லை. பாலூட்டிகள் நூலோ 1874-ல் லண்டனில் மறுபடி அச்சேறியது.

கரை சேர்ந்த நாள்முதல் அவர் செய்தது ஒன்றே: பிறர் சொன்னதை நம்புமுன் தானே பார்த்தார். ராயபுரத்துக் கிடங்கில் இன்றிரவும் மூஞ்சூறு ஓடும். தடியை ஓங்குகிறவர் ஒரு நிமிஷம் அதன் மூக்கைப் பார்க்கட்டும். கூரிய மூக்கானால், அது மூட்டையைக் கொறிக்கும் திருடன் அல்ல. சம்பளம் கேட்காமல் கரப்பான் பிடிக்கும் காவல்காரன்.