சிதறிய சிந்தையைத் திரட்டியவர்

பொதுவாழ்வில் இறங்கியோரின் நாட்கள் வாதங்களிலும் சில்லறை அலுவல்களிலும் கரைந்துபோவது புதிதன்று. இன்று ஆலைகள் நிறைந்த ஓசூருக்கு அருகே, தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாருக்கும் அந்நிலை நேர்ந்தது.

சேலத்தில் பெயர்பெற்ற வக்கீலாயிருந்த அவர், ஒத்துழையாமைக்காகத் தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை புகுந்தார். விடுதலையானதும் சட்டசபைப் பிரவேசச் சச்சரவு அவரைப் பற்றிக்கொண்டது. 1922-ல் கயா காங்கிரஸில் அவர் சார்ந்த கட்சியே வென்றது. ஆயினும் பூசல் ஓயவில்லை. கதரும் மதுவிலக்கும் காத்துக் கிடந்தன.

1925-ல் அவர் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் குடியேறி, காந்தி ஆசிரமம் அமைத்தார். ஏழைகளுக்கு நூற்பு வேலை அளிப்பதும், கிராமத்தாரைக் குடியினின்று மீட்பதுமே அன்றாடக் கடமைகளாயின. 1929-ல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1937 அக்டோபர் முதல் தேதி, சென்னை மாகாணப் பிரதம மந்திரியாக அவர் மதுவிலக்கை முதன்முதலில் அமல் செய்தது, ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்நாளில் அடங்கியிருந்த சேலம் ஜில்லாவிலேதான்.

சிந்தை சிதறியதென்று ஏங்கும் தொண்டர்கள், கைக்கெட்டிய ஒரு வேலையை நாள் தவறாமல் செய்துவரட்டும். புதுப்பாளையத்துப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு நமக்குப் போதிய சான்றென்று கருதுகிறோம்.